மிச்ச மாத்திரையும் மூச்சும்

(மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கு பாஷையில்தான் சொல்லப் போகிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு செய்தி வரும். "மூட்டு வலி தாங்கல, யார்கிட்டயாவது நல்ல மாத்திரை மிச்சம் இருக்கா?" யாராவது கொடுத்தும் விடுகிறோம். அந்த மாத்திரை டிராமடால் என்றால் அது அபின் வகை. சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீனும் அதே குடும்பம். (கம்பம் பள்ளத்தாக்கு என்றாலே வெளியூர்க்காரர்கள் கஞ்சா கதை பேசுவார்கள். அது வேறு செடி, வேறு சங்கதி.)

அபின் வேலை செய்வதற்கென்றே நம் செல்களின் மேல் பூட்டுகள் இருக்கின்றன. ஓபியாய்டு ஏற்பிகள் என்று பெயர். கசகசாச் செடியை நம்பியா உடம்பில் பூட்டு இருக்கும்? 1975ல் ஸ்காட்லாந்தில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து விடையைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பே தயாரிக்கும் என்கெஃபலின். பூட்டும் நம்முடையது, சாவியும் நம்முடையது.

பூட்டில் வகைகள் உண்டு. மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இருப்பது மியூ. மருந்து அளவு மீறினாலோ, தூக்க மாத்திரையோ மதுவோ கூடச் சேர்ந்தாலோ, மியூ வழியாக மூச்சு குறைந்துகொண்டே போகும். பார்ப்பவர்களுக்கு ஆள் அசந்து தூங்குவதாகத்தான் தெரியும். டெல்டா என்ற பூட்டின் குணம் வேறு. ஆக்சிஜன் குறையும்போது மூளைச் செல்களைச் சாகவிடாமல் காக்க அது உதவுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

எப்படி என்று தேடியவர்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ. பக்கம் போனார்கள். இது எனக்குப் பிடித்த இடம். டி.என்.ஏ. ஸ்ட்ராங் ரூமில் இருக்கும் பேரேடு. அதைப் பார்த்து எழுதி வெளியே வரும் செக், தூது ஆர்.என்.ஏ. கவுண்டரில் செக் பாஸானால் புரதம் கிடைக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது 'ஸ்டாப் பேமெண்ட்' கடிதம். சுமார் 22 எழுத்து நீளம், அவ்வளவுதான். 1993ல் ஒரு சின்னஞ்சிறு புழுவில் இதைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்சிஜன் குறைந்தால் மிர்-210 என்ற கடிதம் ஏராளமாக அச்சாகிறது. ஆக்சிஜனைச் செலவழிக்கும் வேலைகளுக்கான செக்குகளை அது நிறுத்துகிறது. கரண்ட் போனால் நம் ஜெனரேட்டரில் லிஃப்டும் தண்ணீர் மோட்டாரும் ஓடும், வீட்டு ஏ.சி. ஓடாது. அதே ஏற்பாடு. எலிகளை, வழக்கமான 21 சதவீத ஆக்சிஜனில் பாதிக்கும் குறைவான காற்றில் 10 நாள் வரை வைத்து, சிறுநீரகத்தில் எந்தெந்தக் கடிதங்கள் கூடின, குறைந்தன என்று பார்த்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. டெல்டா பூட்டைத் திறக்கும் மருந்து கொடுத்தபோது அந்தப் பட்டியல் மாறியது. இன்னும் மனிதருக்கான மருந்தாக வரவில்லை. யாராவது 'டெல்டா' என்று பாட்டில் விற்க வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.

உறுப்புக்கு உறுப்பு தாங்கும் சக்தி வேறு. மூளைக்குச் சேமிப்பே கிடையாது. ஆக்சிஜன் அடியோடு நின்றால் சில நிமிடம்தான். சிறுநீரகத்தின் உட்பகுதி சாதாரண நாளிலேயே குறைந்த ஆக்சிஜனில்தான் ஓடுகிறது. அதனால் சீக்கிரம் அடிபடுகிறது.

2021 கொரோனா நினைவிருக்கிறதா? மீட்டரில் 85 காட்டும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். மூச்சுத் திணறல் உணர்வைப் பெரும்பாலும் கிளப்புவது கரியமிலவாயு கூடுவதுதான், ஆக்சிஜன் குறைவது மட்டும் அல்ல. அபின் மருந்து அந்த உணர்வையும் மழுக்கிவிடும்.

ஆகவே பலத்த குறட்டை உள்ளவர்கள், ஆஸ்துமா, சிஓபிடி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை போடுபவர்கள் இந்த மருந்துகளைத் தங்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. டாக்டர் உங்களுக்கே எழுதிக் கொடுத்திருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். அளவை மட்டும் மீறாதீர்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால் 108 கூப்பிடுங்கள். என்ன மாத்திரை என்று அட்டையைக் காட்டுங்கள். நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, நேரத்தில் போட்டால் மூச்சு திரும்பும்.

சங்க அலுவலகத்தில் ஆக்சிமீட்டர் ஒன்று இருக்கிறது. புது பேட்டரி போட்டாயிற்று. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தப்பாகக் காட்டும், துடைத்து, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.