சிரித்தவர்கள் எத்தனை பேர்?

(கல்லூரி விடுதி மாணவர்கள் கூட்டிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளி, கல்லூரிகளில் நடக்கிற சீண்டல் பற்றியும், அதை இலக்கியமும் சினிமாவும் எப்படிக் காட்டுகின்றன என்பது பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நோட்டீசில் 'புல்லியிங்' என்று போட்டிருந்தது. தமிழ்ல இதுக்கு என்ன சொல்லுன்னு யோசிச்சுப் பார்த்தேன். கேலி, கிண்டல், நையாண்டி, வம்பிழுக்கிறது, ஓட்டுறது, கலாய்க்கிறது. சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனா கவனிச்சுப் பாருங்க, இது அத்தனையும் செய்கிறவன் பக்கத்துச் சொல். அவனுக்கு அதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு சொல் தேடினால் 'குறுகிப் போயிட்டேன்' என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் அகப்படவில்லை. மொழியே இப்படி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்போது, அந்த மொழியில் எடுக்கப்படுகிற சினிமா எந்தப் பக்கம் சாயும்?

நம் சினிமாவில் இது நெடுங்காலமாகச் சிரிப்புக்கான சரக்கு. கல்லூரிக் கதை என்றால் ஆரம்பத்திலேயே ராகிங் காட்சி வரும். புதுசாக வருகிற கிராமத்துப் பையனின் சட்டையை, எண்ணெய் வைத்த தலையை, இங்கிலீஷை வைத்து ஒரு பத்து நிமிஷம் ஓட்டுவார்கள். கதாநாயகன் வந்து காப்பாற்றுவான், அல்லது அந்தப் பையனே பிற்பாடு கதாநாயகனாகி நாலு பேரை அடிப்பான். முடிந்தது. கவுண்டமணி, செந்தில் காமெடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் உதைப்பார், ஒருவர் வாங்குவார். வாங்குகிறவரின் நிறமும் உருவமும்தான் நகைச்சுவை. நானும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான். அந்த நடிகர்கள் மேல் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. அந்தச் சிரிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை படத்தில் வந்த வசவு திங்கட்கிழமை வகுப்பறையில் ஒரு கறுத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் ஆகிவிடும்.

வெளிநாட்டில் இதைச் சிரிப்பாக இல்லாமல் எடுத்தவர்கள் உண்டு. ஸ்டீபன் கிங் 1974இல் எழுதிய 'கேரி' நாவல் 1976இல் படமாக வந்தது. பள்ளியில் எல்லாரும் சேர்ந்து அவமானப்படுத்திய பெண் கடைசியில் மொத்தப் பேரையும் அழிக்கிறாள். 2016இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் 'எ சைலண்ட் வாய்ஸ்'. காது கேளாத ஒரு சிறுமியை வகுப்பில் வதைக்கிறார்கள். விஷயம் பெரிதானதும் ஆசிரியரும் மற்ற பிள்ளைகளும் பழியை ஒரே பையன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். நல்ல கவனிப்பு இது. வதைப்பவன் ஒருவன், கூடச் சிரிப்பவர்கள் முப்பது பேர் என்பதை அந்தப் படம் விளங்கிக்கொண்டிருக்கிறது.

ஆனால் பொதுவாக இந்தக் கதைகள் போய் நிற்கிற இடங்கள் இரண்டுதான். ஒன்று பழிவாங்கல், இன்னொன்று மனம் திருந்துதல். கெட்ட மனசுக்காரன் ஒருவன், நொந்த மனசுக்காரன் ஒருவன், இரண்டு மனசுக்கு நடுவில் நடக்கிற விவகாரம். நம் நாட்டு வகுப்பறைக்கு இந்தச் சட்டை பொருந்தாது. இங்கே பத்து வயசுப் பையன் இன்னொரு பத்து வயசுப் பையனைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறான் என்றால், அந்த வார்த்தையை அவன் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் கேட்டதைச் சொல்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஊர் நிற்கிறது. வாங்குகிறவனின் முதுகுக்குப் பின்னால் சேரி இருக்கிறது. மனசு திருந்தினால் சரியாகிவிடும் என்றால், எத்தனை மனசைத் திருத்துவது?

இதை முதலில் துல்லியமாக எழுதியவர் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சின்ன நூலில் தன் பள்ளிக்கூடத்தை எழுதுகிறார். உட்கார வீட்டிலிருந்து சாக்குத்துணி கொண்டு போக வேண்டும், சாயங்காலம் திரும்ப எடுத்து வர வேண்டும். குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால் தண்ணீர், பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. இதில் வில்லன் யார் என்று தேடுங்கள், கிடைக்க மாட்டான். யாரும் கத்தவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒரு சாக்குத்துணியும் ஒரு குழாயும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தேங்காய் திருடிவிட்டாள் என்று ஒரு சிறுமியைப் பிரேயரில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சாதியைச் சொல்லித் தலைமையாசிரியர் வெளியே துரத்துகிறார். பலரும் இந்த இடத்தைத்தான் எடுத்துப் பேசுவார்கள். அதைவிட என்னை உலுக்கியது பிற்பாடு வருகிற ஒரு சின்ன இடம். வகுப்பில் 'அரிசன' மாணவிகள் எழுந்து நில்லுங்கள், அரசாங்கம் தனி டியூஷன் ஏற்பாடு செய்திருக்கிறது என்கிறார்கள். இங்கே வசவு இல்லை, உதவி செய்யத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் எழுந்து நின்றதும் மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பார்வைக்குள் அந்தப் பெண் நிற்க வேண்டியிருக்கிறது. சீண்டல் என்றால் அடியும் வசவும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான் தோழர்களே. அடி ஆறிவிடும். வசவுகூட நாள்பட்டால் மங்கிவிடும். ஆனால் வகுப்பு சேர்ந்து சிரிக்கும்போது, அந்தப் பிள்ளை அந்தச் சிரிப்பின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது. அதுவரைக்கும் சாதாரணமாகத் தெரிந்த அம்மாவின் சேலை, அப்பாவின் தொழில், வீட்டுக் குழம்பின் வாசனை எல்லாமே அன்றைக்கு வேறு மாதிரி தெரிகிறது. தன்னைக் கேலி செய்தவனைப் பார்த்து வரவேண்டிய கோபம், தன் வீட்டைப் பார்த்து வருகிற கூச்சமாக மாறிவிடுகிறது. இந்த ஒன்றைத்தான் தலித் எழுத்தும் தலித் சினிமாவும் உள்ளேயிருந்து எழுதிக் காட்டின.

நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் 'ஃபன்ட்ரி', 2013. கைகாடி சமூகத்துப் பையன் ஜப்யா. குடும்பத்தோடு பன்றி பிடிக்க வேண்டும், அதுவும் தான் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். கூடப் படிக்கிறவர்கள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். அவன் மனசுக்குப் பிடித்த பெண்ணும் அங்கே இருக்கிறாள். ஜப்யா ஒளிந்து ஒளிந்து பார்க்கிறான், வேலைக்கு வராமல் தட்டிக்கழிக்கிறான். அப்பா அவனை அடிக்கிறார். பாருங்கள், சிரித்தவன் தள்ளி நிற்கிறான், அப்பனும் மகனும் மோதிக்கொள்கிறார்கள். கடைசியில்தான் ஜப்யாவின் கோபம் தன் திசையைக் கண்டுபிடிக்கிறது. அவன் எறிகிற கல் நேராக நம்மை நோக்கி வருகிறது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்து பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த நம்மையும் சிரித்தவர்கள் வரிசையில் சேர்த்துவிடுகிறான்.

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்', 2018. சட்டக் கல்லூரி. இங்கிலீஷ் தெரியாததற்காக வகுப்பில் அவமானம். பெண்கள் கழிவறைக்குள் தள்ளிப் பூட்டுகிறார்கள். கல்லூரியில் அப்பாவை அழைத்து வரச் சொன்னால், பரியன் ஒரு வேற்று ஆளை அப்பா என்று அழைத்து வருகிறான். சொந்த அப்பா பெண் வேஷம் கட்டி ஆடுகிற கூத்துக் கலைஞர். நான் சொன்ன சிரிப்பின் கண் என்பது இதுதான். பிறகு நிஜ அப்பா கல்லூரிக்கு வருகிறார். அவரை வேட்டியை உருவி ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். மகன் எதற்குப் பயந்து மறைத்தானோ அது அப்படியே நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜோ வீட்டுக் கல்யாணத்தில் தனக்கு நடந்த கொடுமையைப் பரியன் அவளிடம் சொல்வதில்லை. படம் முழுக்க அவளுக்குத் தெரியாது. வெளியே இருந்து பார்க்கிறவர்கள், ஏன் வாயைத் திறக்கல, சொல்லியிருக்கலாமே என்பார்கள். அந்த வார்த்தையை எடுத்துச் சொன்னால் அவமானம் இன்னொரு முறை நடந்த மாதிரி ஆகிவிடும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

இதற்கு எதிர்த் திசையில் ஒரு காட்சி உண்டு. ஓம்பிரகாஷ் வால்மீகி இந்தியில் எழுதிய தன்வரலாறு 'ஜூட்டன்', 1997. உத்தரப்பிரதேசத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. மற்றப் பிள்ளைகள் வகுப்பில் படித்துக்கொண்டிருக்க, இந்தச் சிறுவனிடம் துடைப்பத்தைக் கொடுத்துப் பள்ளி முழுக்கக் கூட்டச் சொல்கிறார் தலைமையாசிரியர். மூன்றாவது நாள் அந்த வழியாக வந்த அப்பா பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். எந்த வாத்தியார் என் பிள்ளையைக் கூட்டச் சொன்னது என்று அங்கேயே நின்று சத்தம் போடுகிறார். மகனுக்கு அன்றைக்கு அப்பா எப்படித் தெரிந்திருப்பார்! வெட்கப்பட வேண்டிய ஆளாகவா? அந்த ஒரு சத்தம் சிரிப்பின் கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறது.

அதே நூலில் இன்னொரு இடம். துரோணர் வறுமையால் தன் மகனுக்குப் பாலுக்குப் பதில் மாவைக் கரைத்துக் கொடுத்தார் என்று வாத்தியார் உருகிப் பாடம் நடத்துகிறார். அப்போது வால்மீகி எழுந்து, கஞ்சித்தண்ணி குடித்து வளர்கிற எங்களைப் பற்றி எந்தக் காவியமும் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார். பிரம்படிதான் பதில். இலக்கிய வகுப்பிலேயே இலக்கியத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி இது. தலித் இலக்கியம் ஏன் இத்தனை தன்வரலாறாக இருக்கிறது, கற்பனையே இல்லையா என்று பெரிய விமர்சகர்கள் கேட்டதுண்டு. மறைக்கச் சொல்லிப் பழக்கப்பட்ட அம்மாவை, அப்பாவை, தெருவை, சாப்பாட்டைப் பெயர் சொல்லி வெளியே அழைத்து வருவதுதான் அந்த எழுத்தின் முதல் வேலையாக இருந்தது. அது முடியாமல் கற்பனைக்கு எங்கே போவது?

நான் ஒரு வங்கியில் கிளார்க். உதவித்தொகை வரவு வைக்கக் கணக்கு தொடங்க விடுதிப் பிள்ளைகள் கவுண்டருக்கு வருவார்கள். 'எதுக்குப்பா கணக்கு?' என்றால் 'ஸ்காலர்ஷிப் சார்' என்பதுவரை குரல் நன்றாக இருக்கும். 'எந்த ஸ்காலர்ஷிப்?' என்றால் இறங்கிவிடும். பின்னால் வரிசையில் நிற்பவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வான். பின்னால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அவன் காதில் மட்டும் அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போதெல்லாம் நான் அந்தக் கேள்வியை வாயால் கேட்பதில்லை, விண்ணப்பத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

சட்டம் என்ன செய்தது? 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையானதும், 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் என்றால் சீனியர், ஜூனியர் விவகாரம் என்றே எல்லாரும் புரிந்துகொண்டார்கள். சாதியின் பெயரால் சீண்டுவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு தன் விதிகளில் எழுதிச் சேர்த்தது 2016இல். அந்த வருஷம் ஜனவரியில்தான் ரோகித் வேமுலா இறந்தார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தன்னைச் சீண்டியவர்களைப் பற்றிச் சொன்னதற்காக ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் கூடப் படித்தவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக்கயிறு கட்டக்கூடாது, வகுப்பில் சாதி விவரத்தை வெளிப்படுத்தக்கூடாது, உதவித்தொகை பற்றித் தனியாக அழைத்துப் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகின்றன. எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள் என்று 'கருக்கு' 1992லேயே சொல்லிவிட்டது. அரசாங்கத்தின் காதுக்கு அது போய்ச் சேர 32 வருஷம் ஆயிருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் உடம்பு அடிவாங்குவதைத் திரும்பத் திரும்பத் திரையில் காட்டுவது எதற்கு என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பார்க்கிறவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டுச் சுத்தமாக வீட்டுக்குப் போய்விடலாம். ஆகவே நான் ஒரு படத்தைப் பார்க்கும்போது காமிரா எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கிறேன். அடிவாங்குகிறவன் முகத்திலேயே நின்றுவிட்டால் அது பரிதாப வியாபாரம். சிரிக்கிறவர்கள் முகத்துக்குத் திரும்பி, அவர்களை ஒவ்வொருவராகக் காட்டினால் அது அரசியல்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இந்த விடுதியில் வாராவாரம் கூடுகிறீர்கள். ஒரு கதையை, ஒரு படத்தை எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் யார் சிரித்தார்கள்? அந்தப் பிள்ளை வீட்டில் போய் என்ன சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது? அதற்காக யார் வந்து நின்றார்கள்? புதுசாக வருகிற முதலாண்டுத் தம்பி தங்கைகளிடம் 'தைரியமா இருங்க' என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முப்பது பேர் சிரிப்புக்கு ஒரு பிள்ளையின் தைரியம் எப்படிப் போதும்? அந்தத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிய இன்னொரு கை வேண்டும். நாளைக்கு ஒரு தம்பி ஒன்றும் சொல்லாமல் ரெண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் படுத்துக் கிடந்தால், நீங்களாகப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் ஊரை, தெருவை, வீட்டை, அம்மா என்ன வேலை செய்கிறார் என்பதைச் சாதாரணமாகக் கேளுங்கள். முதலில் உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.