நீரகம் ஊர்தியை உந்துமாறு



சென்ற கிழமை ஒரு மாணவன் என்னை வினவினான்: "ஐயா, தண்ணீரில் ஓடும் மகிழுந்து வந்துவிட்டதாமே?" அவன் தந்தையார் அத்தகைய கருவியொன்றுக்கு முன்பணம் கொடுக்கவிருந்தார். தமிழாசிரியனிடம் இதனை ஏன் வினவினான் எனலாம். விடை ஒரு சொல்லுக்குள் இருக்கின்றது.

அச்சொல் நீரகம். 1787-இல் பிரெஞ்சு அறிஞர் இலவாசியே முதலானோர், 'நீரைப் பிறப்பிப்பது' என்னும் பொருளில், கிரேக்க வேரினின்று ஐதரசன் என்று அவ்வளிக்குப் பெயரிட்டனர். நீரகமும் உயிர்வளியும் கூடின் நீர் உண்டாகும், ஆற்றலும் வெளிப்படும். அவ்வாற்றலைத் தீயாக்காது மின்னாக்குவதே எரிபொருட்கலம். வேல்சு நாட்டினரான குரோவ் 1842-இல் இதன் முன்வடிவைச் செய்து காட்டினார்.

கலத்தின் நடுவே மெல்லிய படலம் ஒன்று, இருபுறமும் மின்வாய்கள். ஒருபுறம் புகும் நீரகத்தை ஆங்குள்ள பிளாட்டினம் நேர்மின்னிகளாகவும் எதிர்மின்னிகளாகவும் பிரிக்கும். படலம் நேர்மின்னிகளுக்கே வழிவிடும். தடுக்கப்பெற்ற எதிர்மின்னிகள் புறத்தே கம்பி வழியாகச் சுற்றிச் செல்லும். அச்செலவே மின்னோட்டம், அதுவே மின்னோடியைச் சுழற்றி உருளைகளை உருட்டும். மறுபுறம் காற்றிலுள்ள உயிர்வளியோடு அவ்விரண்டும் கூடி நீராகும்.

ஒரு கலம் தருவது ஏறத்தாழ 0.7 வோல்ட்டே. ஆதலின் பல கலங்களை அடுக்குவர். 2014-இல் சப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் மகிழுந்தில் 370 கலங்கள் அடுக்கப்பெற்றன. நீரகத்தைக் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 700 மடங்கு அழுத்தத்தில் உருளைக் கலன்களில் அடைத்தனர். 2018-இல் செருமனியில் இம்முறையால் தொடர்வண்டியும் ஓடிற்று.

இனி வினாவிற்கு வருவோம். வண்டி உண்பது நீரகம். நீர் அதன் கழிவு. விறகு எரிந்தபின் சாம்பல் எஞ்சுவது போல, நீரகம் எரிந்தபின் எஞ்சுவது நீர். சாம்பலை மூட்டி உலை வைப்பார் உண்டோ? நீரைப் பிளந்து நீரகம் பெறவேண்டின், அது பின்னர்த் தரும் ஆற்றலினும் மிகுதியான ஆற்றலைச் செலவிட்டேயாக வேண்டும்.

இன்று உலகில் நீரகத்தின் பெரும்பகுதி இயற்கை எரிவளியினின்றும் நிலக்கரியினின்றுமே எடுக்கப்படுகின்றது. ஆண்டுக் கரிவளி வெளியேறுகின்றது. கதிரவன், காற்று தரும் மின்னால் நீரைப் பிளப்பின் அம்மாசு இல்லை. ஆயினும், அம்மின்னாற்றலில் பாதிக்கு மேல் வழியிலேயே இழக்கப்படும். மின்கலவடுக்கில் நேரே ஏற்றின் இழப்புக் குறைவு.

எனவே இளைஞர்களே, வண்டியின் பின்னே புகையில்லை என்று கண்டதும் வியந்து நின்றுவிடாதீர்கள். அந்நீரகம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நான் கூறியதை அம்மாணவன் வீட்டில் எடுத்துரைத்தான். முன்பணம் கைமாறவில்லை.