கோபன்ஹேகன்: காலையில போய், நடந்து, ராத்திரி திரும்பி

போன எபிசோட்ல ஸ்வீடன்ல மால்மோ வரைக்கும் வந்திருந்தோம். அங்க ரயிலேறி கடல் பாலத்தைத் தாண்டினா, முக்கால் மணி நேரத்துல கோபன்ஹேகன். பஸ், மெட்ரோ எதுவும் வேண்டாம், நடந்தே பார்ப்போம்னு முடிவு.

முதல்ல ஒரு எச்சரிக்கை. நடைபாதைக்கும் ரோட்டுக்கும் நடுவுல சைக்கிளுக்குன்னு தனிப்பாதை இருக்கும். போட்டோ எடுக்கறேன்னு நான் அதுல ஒரு அடி வச்சேன். காதுக்குப் பக்கத்துல பெல் சத்தம்! தப்பு என் மேலதான்.

டவுன் ஹால் சதுக்கத்துல ஆரம்பிக்குது ஸ்ட்ரோயே. 1962-ல கார்களை நிறுத்திட்டு, நடக்கறவங்களுக்கு விட்ட கடைத்தெரு. நேர்மையா சொன்னா, கடைகள் எல்லா ஊர்லயும் இருக்கறதுதான். பாதியில இடது பக்கம் திரும்பி வட்டக் கோபுரத்துக்குப் போங்க. 1642-ல முடிச்சது. படிக்கட்டுக்குப் பதிலா சுத்திச் சுத்தி ஏறுற சரிவுப் பாதை. மேலேர்ந்து பார்த்தா சிவப்பு ஓட்டுக் கூரைகள்.

கட்டினவர் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. நியூஹவ்ன் கலர் வீடுகளைத் தாண்டி கொஞ்சம் நடந்தா, அவர் 1620-கள்ல கட்டின பழைய பங்குச் சந்தை. 2024 ஏப்ரல்ல தீப்பிடிச்சு, டிராகன் வால்களை முறுக்கின மாதிரி இருந்த கோபுரம் சரிஞ்சு விழுந்துச்சே, அதேதான். அன்னைக்கு தெருவுல போனவங்ககூட உள்ளேர்ந்த ஓவியங்களைத் தூக்கி வெளியே கொண்டு வந்தாங்க. நாங்க போனப்போ சாரம் கட்டியிருந்தது.

அங்க நின்னப்பதான் உறைச்சது. இதே மன்னர் காலத்துல, 1620-ல, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டுத்தான் டேனிஷ்காரங்க தரங்கம்பாடியில கோட்டை கட்டினாங்க. ஸ்கூல் டூர்ல அந்தக் கோட்டைக்குப் பக்கத்துல உக்காந்து புளிசாதம் சாப்பிட்டிருக்கேன். கடலைப் பார்த்தோமே தவிர, அந்தக் கப்பல்கள் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சதே இல்ல.

இந்த அழகெல்லாம் நம்ம மிளகுக் காசுலயான்னு எனக்குக் கோபம்கூட வந்துச்சு. அப்புறம் போன்ல தேடிப் படிச்சா, கதை வேற. அந்த முதல் கம்பெனிக்கு நஷ்டத்துக்கு மேல நஷ்டம், 1650-ல கலைச்சுட்டாங்க. 1643-க்கு அப்புறம் 1669 வரைக்கும் டென்மார்க்லேர்ந்து ஒரு கப்பல்கூட தரங்கம்பாடிக்கு வரலை. கோட்டையில கடைசியா மிச்சம் இருந்தது ஒரே ஒரு டேனிஷ்காரர். கப்பல் வரும்னு தினம் கடலைப் பார்த்துட்டு இருந்திருப்பார் போல. கோபம் போய், பாவம்னு ஆயிடுச்சு.

பாலம் தாண்டி கிறிஸ்டியன்ஸ்ஹவ்ன் கால்வாய்க் கரையில கால் நீட்டி உக்காந்து, அவரைப் பத்தியே பேசிட்டு இருந்தோம். கடற்கன்னி சிலைக்கு நேரமே இல்ல. ரயிலுக்கு ஓடினோம்.