தமிழில் படித்த பட்டம் கடல் கடக்குமா?



தமிழ்வழிக் கல்வி என்று நாம் வாய்திறந்த அளவிலேயே, "தமிழில் மருத்துவம் படித்தவனை எந்த நாடு ஏற்கும்?" என்னும் வினா எழுகின்றது. பகைவர் கேட்டால் புறந்தள்ளிவிடலாம். பிள்ளையின் வாழ்வை எண்ணிக் கலங்கும் பெற்றோரன்றோ கேட்கின்றனர்! அவர்க்கு விடை கூறுதல் நம் கடன்.

ஒரு நாட்டுப் பட்டத்தை மற்றொரு நாடு எதனைக் கொண்டு அளக்கின்றது? ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் இயற்றிய தொழில்தகுதி ஏற்பு ஆணையைப் பாருங்கள். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், கட்டடக் கலைஞர் முதலிய ஏழு தொழிலினர்க்கு உறுப்பு நாடுகளிடையே தகுதியேற்பு தானாகவே கிடைக்க அது வழி செய்கின்றது. மருத்துவப் பட்டத்திற்கு அது வேண்டுவன யாவை? ஐந்தாண்டுக்குக் குறையாத கல்வி. 5,500 மணிநேரத்திற்குக் குறையாத பாடமும் செய்முறைப் பயிற்சியும். அவை பல்கலைக்கழகத்திலோ அதன் மேற்பார்வையிலோ நிகழ்ந்திருத்தல். இன்ன மொழியில் கற்றிருத்தல் வேண்டும் என்று அவ்வாணை ஓரிடத்தும் கேட்கவில்லை.

எசுத்தோனியா என்றொரு சிறு நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலக்கம். நம் சென்னை மாநகர மக்களில் மூன்றிலொரு பங்கினும் குறைவு! அங்கே தார்த்துப் பல்கலைக்கழகத்தில் எசுத்தோனிய மொழியில் மருத்துவம் பயில்கின்றனர். அப்பட்டத்தைச் செருமனியும் ஏற்கின்றது, பிரான்சும் ஏற்கின்றது. செருமனியில் பணியாற்ற விழைவோர் செருமானியம் அறிந்திருத்தல் வேண்டும் என்பது உண்மையே. நோயாளி சொல்வது விளங்காமல் மருத்துவம் எப்படிச் செய்வது? ஆனால் அம்மொழித் தேர்வும் தகுதி ஏற்கப்பட்ட பின்னரே நடத்தப்பெறல் வேண்டுமென 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுக்கின்றது. அயர்லாந்தில் ஆங்கிலத்திலேயே படித்துவந்தவரும் அங்கே செருமானியம் கற்றே தீர வேண்டும்.

இனி, ஆங்கிலம் இருந்தால் ஏற்பு உறுதி என்பார்க்கு ஒரு செய்தி. 1930-இல் பிரித்தானிய மருத்துவப் பொதுமன்றம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்களுக்குத் தான் அளித்திருந்த ஏற்பை நீக்கியது. அப்பட்டங்கள் எம்மொழியில் கற்றுப் பெற்றவை? ஆங்கிலத்தில்! எவர் ஆட்சியில்? ஆங்கிலேயர் ஆட்சியில்! மகப்பேற்றுப் பயிற்சி போதவில்லை, தரத்தைக் கண்காணிக்க நாடு முழுமைக்குமான அமைப்பு இல்லை என்பனவே சொல்லப்பட்ட குறைகள். அதன் பின்னரே 1933-இல் இந்திய மருத்துவ மன்றச் சட்டம் பிறந்தது. 1975-இல் மீண்டும் அதே பொதுமன்றம் இந்தியப் பட்டங்களின் ஏற்பை நீக்கி, வருவோர்க்குத் தனித்தேர்வு வைத்தது. ஆங்கிலவழிக் கல்வி இருமுறையும் காவாமற் போயிற்று.

மருத்துவம் நிற்க. பொறியியலில் நாம் தொடங்கியே விட்டோம். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. பொறியியல் கல்வியின் ஏற்புக்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிலையான உறுப்பாயிற்று. அவ்வுடன்படிக்கை ஆய்வது பாடப்பிரிவின் தரத்தை. அதற்கு நாட்டுத் தரச்சான்று வாரியத்தின் சான்று வேண்டும். தமிழ்வழிப் பிரிவுகளுக்கு நல்ல நூல்கள், தேர்ந்த ஆசிரியர்கள், குறைவற்ற ஆய்வுக்கூடங்கள் தந்து, அச்சான்றையும் பெற்றுத் தருக என அரசைக் கேட்போம். இம்மன்றத்தின் தீர்மானத்தில் இதனை எழுத்தில் சேர்க்குமாறு தலைவரை வேண்டுகின்றேன்.