வீட்டு விசேஷத்துக்கு ஓர் அடுக்கு இனிப்பு



இன்றைய பேச்சு ஓர் இனிப்பைப் பற்றியது. பிஸ்கட், தேங்காய்ப்பால், வாழைப்பழம். இந்த மூன்றையும் அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் புட்டிங் அது. பிறந்த நாள், காதுகுத்து, சடங்கு, பொங்கல், பெருநாள், கிறிஸ்துமஸ் என்று எந்த விசேஷத்துக்கும் செய்யலாம். ஓர் அடுப்பும் ஒரு பாத்திரமும் போதும். கேக் செய்யும் ஓவன் வேண்டாம்.

"இனிப்பு செய்யவா எழுத்துப் படித்தோம்?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேச்சு முடியும்போது பதில் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன் கூலி வேலைக்குப் போகிறார். மனைவி வீட்டு வேலை செய்கிறார். குழந்தைக்கு முதல் பிறந்த நாள் வருகிறது. பக்கத்து வீட்டில் பெரிய கேக் வெட்டினார்கள். இவர்களுக்கும் ஆசை வராதா? கடன் வாங்கி கேக்குக்குச் சொல்கிறார்கள். கேக் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கடன் பல மாதம் நிற்கும். கொண்டாட்டம் தவறு இல்லை. குழந்தையின் சிரிப்புக்குக் கடன் சீட்டு தேவையா என்பதுதான் கேள்வி.

வீட்டிலேயே செய்தால் செலவு குறையும். என்ன பொருள் போட்டோம் என்பதும் தெரியும்.

அடுக்கு நமக்குப் புதிது அல்ல

புட்டிங் என்ற சொல்லைக் கேட்டு மிரள வேண்டாம். குழாய்ப்புட்டு செய்யத் தெரியும் அல்லவா? ஒரு பிடி மாவு, ஒரு பிடி தேங்காய்ப்பூ. மறுபடி மாவு, மறுபடி தேங்காய்ப்பூ. அதுவும் அடுக்குத்தான்.

பக்கத்து நாடான இலங்கையில் இந்த இனிப்புக்குத் தனி இடம் உண்டு. சாக்லேட் பிஸ்கட் புட்டிங் என்று சொல்வார்கள். மேரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து அடுக்குவார்கள். நடுவே வெண்ணெய், பொடித்த சர்க்கரை, கோக்கோ மூன்றும் குழைத்த கலவையைப் பூசுவார்கள். தமிழர், சிங்களவர் எல்லாருமே விருந்தில் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இலங்கைக்கும் நம் தீவுகளுக்கும் ஓர் உறவு உண்டு. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். அதன்படி இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் பல லட்சம் பேர் இந்தியா வந்தார்கள். அவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவில் குடியேறின. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி கச்சாலையும் கடுமையாகத் தாக்கியது. கடல் தாண்டி வந்து, கடலால் அடிபட்டு, மறுபடி எழுந்த உழைப்பாளிகள் அவர்கள்.

பிஸ்கட்டுக்கும் ஒரு கதை

மேரி பிஸ்கட்டும் ஒரு விசேஷத்தில் பிறந்ததுதான். 1874ஆம் ஆண்டு ரஷ்ய மன்னரின் மகள் மரியாவுக்கும் இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகனுக்கும் திருமணம் நடந்தது. அதன் நினைவாக லண்டனில் ஒரு கம்பெனி இந்த பிஸ்கட்டைச் செய்தது. மணப்பெண்ணின் பெயரையே அதற்கு வைத்தது. ராஜா வீட்டுக் கல்யாண பிஸ்கட் இன்று தேநீர்க் கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கிறது!

கஸ்டர்டு பவுடருக்கும் கதை உண்டு. முன்பு கஸ்டர்டு செய்ய முட்டை வேண்டும். இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் பேர்டு என்று ஒருவர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மனைவியும் சாப்பிட வேண்டுமே என்று 1837இல் சோள மாவைக் கொண்டு, முட்டை இல்லாத கஸ்டர்டு பவுடரை அவர் செய்தார். மனைவிமேல் வைத்த அக்கறை உலகம் முழுவதும் பரவிவிட்டது.

நம் தீவுக்கு ஏற்ற மாற்றம்

இலங்கை முறையில் வெண்ணெய் அதிகம். நம் ஊர் வெயிலில் வெண்ணெய் உருகும். அடுக்கு சரியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அது நிற்காது. வெண்ணெய்க்கு விலையும் அதிகம். ஆனால் இங்கே தேங்காய்க்குப் பஞ்சம் இல்லை.

அதனால் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய்ப்பால் கஸ்டர்டு. அது கெட்டியாக நிற்கச் சைனா கிராஸ். கடல்பாசி என்றும் சொல்வார்கள். நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் இதைக் காய்ச்சி இனிப்பு செய்வது வழக்கம். கடலில் வளரும் பாசியிலிருந்து இது கிடைக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்கள் உழைப்பும் இந்த இனிப்பில் இருக்கிறது.

சைனா கிராஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கொதிக்க வைத்தால்தான் கரையும். ஆறினால், சாதாரண வெயிலிலும் இறுகிவிடும். இறுகிய பிறகு அறை வெப்பத்தில் உருகாது.

பத்துப் பேருக்கு வேண்டிய பொருள்கள்

மேரி பிஸ்கட் – 250 கிராம்
தேங்காய் – 2
கஸ்டர்டு பவுடர் – 3 மேசைக் கரண்டி
சர்க்கரை – 120 கிராம்
சைனா கிராஸ் – 10 கிராம்
வாழைப்பழம் – 4
ஏலக்காய்ப் பொடி, உப்பு – ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை
வறுத்த முந்திரி – ஒரு கைப்பிடி, இருந்தால்

செய்யும் முறை

1. கையையும் பாத்திரங்களையும் நன்றாகக் கழுவுங்கள். சைனா கிராஸைச் சிறிதாக வெட்டி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள்.

2. தேங்காயைத் துருவி அரையுங்கள். முதல் பால் ஒரு டம்ளர் எடுத்துத் தனியே வையுங்கள். மறுபடி தண்ணீர் விட்டு அரைத்து, இரண்டாம் பால் மூன்றரை டம்ளர் எடுங்கள். அதில் அரை டம்ளர் பிஸ்கட் நனைக்க. இன்னொரு அரை டம்ளர் கஸ்டர்டு பவுடரைக் கரைக்க. பவுடரைச் சூடான பாலில் போட்டால் கட்டி தட்டும். ஆறிய பாலில்தான் கரைக்க வேண்டும்.

3. ஊறிய சைனா கிராஸை அதே தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். ஓர் இழைகூடத் தெரியாமல் கரையும் வரை கொதிக்கட்டும்.

4. இன்னோர் அடுப்பு இருந்தால் அதில் மீதி இரண்டாம் பாலைச் சர்க்கரையோடும் உப்போடும் சூடாக்குங்கள். ஒரே அடுப்பு என்றால் சைனா கிராஸை மூடி வைத்து, பிறகு மறுபடி கொதிக்க வையுங்கள். பால் சூடானதும் கரைத்த கஸ்டர்டை ஊற்றிக் கை விடாமல் கிளறுங்கள். அந்த நனைக்கும் அரை டம்ளர் பாலையும் ஒரு கொதி விட்டு ஆற வையுங்கள்.

5. கஸ்டர்டு கெட்டியாகி இரண்டு நிமிடம் கொதித்ததும் சூடான சைனா கிராஸை வடிகட்டி அதில் ஊற்றுங்கள். இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். ஒன்று ஆறியிருந்தால் திரிதிரியாகிவிடும்.

6. அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலையும் ஏலக்காயையும் சேர்த்துக் கலக்குங்கள். முதல் பாலைக் கொதிக்க விட்டால் திரியும்.

7. அகலமான பாத்திரத்தில் ஒரு கரண்டி கஸ்டர்டு ஊற்றிப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். மேலே லேசாக இறுகும். அதற்குமுன் பிஸ்கட் வைத்தால் படகுபோல் மிதக்கும்! மீதிக் கஸ்டர்டு இறுகாமல் இருக்க, அந்தப் பாத்திரத்தைச் சுடுதண்ணீரில் வையுங்கள்.

8. பிஸ்கட்டைப் பாலில் முக்கியதும் எடுத்து அடுக்குங்கள். ஊறவிட்டால் உடையும். அதன்மேல் வாழைப்பழத் துண்டுகள். அதன்மேல் கஸ்டர்டு. இப்படி மூன்று அடுக்கு. கடைசியில் மேலே கஸ்டர்டு, முந்திரி.

9. பாத்திரத்தை மூடி, குளிர்ந்த தண்ணீர் உள்ள தட்டில் வையுங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறுகும். பிறகு வெட்டிப் பரிமாறலாம்.

ருசியைவிட முக்கியமானது

தேங்காய்ப்பால் சீக்கிரம் கெடும். பாலும் அப்படியே. சமைத்த உணவை வெளியே வைத்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். அது கண்ணுக்குத் தெரியாது. சில நேரம் வாசனையும் மாறாது. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். வாந்தி வரும்.

ஆகவே காலையில் செய்து இரவு வரை வெளியே வைக்கக் கூடாது. செய்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். மதியம் 1 மணிக்கு விருந்து என்றால் அடுக்கும் வேலை 11.30க்கு முடிந்தால் போதும். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மறுநாள் வரை வைக்கலாம். ஆனால் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோயிருந்தால் அதையும் கொட்டிவிட வேண்டும். கொட்டும் இனிப்பைவிடக் குழந்தையின் உடல்நலம் பெரிது.

சிலர் பச்சை முட்டையை அடித்து இதில் சேர்ப்பார்கள். நம் வெயிலில் அது வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களையும் மறக்கக் கூடாது. 120 கிராம் சர்க்கரையைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு 12 கிராம். பிஸ்கட்டில் இருப்பது தனி. அவர்களுக்கு முன்னால் பெரிய துண்டு வைத்து வற்புறுத்துவது அன்பு ஆகாது.

பாக்கெட்டைப் படியுங்கள்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். எழுத்து எதற்கு?

நம் தீவுகளுக்கு பிஸ்கட்டும் கஸ்டர்டு பவுடரும் பெரும்பாலும் கப்பலில்தான் வருகின்றன. சென்னைக்கும் ஸ்ரீ விஜய புரத்துக்கும் நடுவே ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர் கடல். 2024 வரை போர்ட் பிளேர் என்று இருந்த ஊர்தான் அது. அங்கிருந்து மறுபடி சிறு கப்பலில் மற்றத் தீவுகளுக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். பெட்டிகள் காத்துக் கிடக்கும். கடைக்கு வரும்போது பொருளின் ஆயுள் பாதி போயிருக்கலாம்.

பாக்கெட்டில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. இங்கிலீஷோ இந்தியோதான் இருக்கும். பயப்பட வேண்டாம். தேதி எண்ணில் இருக்கிறது. எண் எல்லா மொழிக்கும் பொது.

அங்கே இரண்டு தேதி தேடுங்கள். ஒன்று செய்த நாள். மற்றது கெடு நாள். முதலில் நாள், பிறகு மாதம், பிறகு ஆண்டு. 10/02/2025 என்றால் 2025 பிப்ரவரி 10. கெடு நாள் தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். காலாவதியான பொருளை விற்கக் கூடாது என்பது சட்டம். விலையும் அச்சிட்டிருக்கும். வரி எல்லாம் சேர்ந்த விலை அது. அதற்குமேல் கேட்டால், "ஏன்?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சைவம் சாப்பிடுபவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கும்.

எழுத்துத் தெரியாத நாளில் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்தோம். இனி அப்படி இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் குழந்தையைக் காக்கிறது. அந்த நிமிடத்துக்காகத்தான் எழுத்து.

நீங்கள் செய்ய வேண்டியது

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பொருளின் பெயர். இரண்டாவதில் அளவு. மூன்றாவதில் உங்கள் கடை விலை. கூட்டிப் பாருங்கள். பத்தால் வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு எவ்வளவு ஆகிறது? கேக் கடை விலையோடு ஒப்பிடுங்கள். கணக்கே பேசும்.

நம் தெருவில் தமிழ் வீடு இருக்கும். வங்காளி வீடு, தெலுங்கு வீடு, மலையாளி வீடு, நிக்கோபாரி வீடு இருக்கும். செய்த இனிப்பில் ஒரு கிண்ணம் அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வராது. அவர்கள் செய்முறையும் அதோடு வரும். அதையும் உங்கள் நோட்டில் உங்கள் கையெழுத்தில் எழுதி வையுங்கள்.