மாதவியின் இரண்டு கடிதங்கள்



சிலப்பதிகாரத்தில் மாதவியின் பாத்திரத்தை ஆராய்க என்று வினா வந்தால் நாங்கள் என்ன எழுதினோம்? கண்ணகிக்கு இரண்டு பக்கம். மாதவிக்கு, குடும்பத்தைக் குலைத்தவள் என்று நாலு வரி. ஆசிரியைகளைக் குறை சொல்வதற்கில்லை. நூலை விட்டுக் குறிப்பை மனனம் செய்தவர்கள் நாங்கள்தான்.

இளங்கோ மாதவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதில்லை. அவளைக் கடிதம் எழுத வைக்கிறார். கானல்வரிப் பிணக்கின் பின் தாழை மடலில் எழுதிய முதற் கடிதம் முழுக்கக் காதல். ஆடல்மகளின் நடிப்பு என்று கோவலன் அதை வாங்கவே மறுக்கிறான். இரண்டாவதைக் கோசிகன் என்ற அந்தணன் மதுரைக்குப் போகும் வழியில் கொண்டுவந்து கொடுக்கிறான். அதிலே காதற் பேச்சு இல்லை. பெற்றோருக்குச் செய்யும் பணியையும் விட்டு, மனைவியோடு இரவிலே புறப்பட நான் செய்த பிழை எது, அறியேன், பொறுத்தருள வேண்டும் என்பதே செய்தி. பிழை தன்னுடையதே என்று கோவலன் அப்போதுதான் தெளிகிறான்.

அதன் பிறகு அவன் செய்வதைத்தான் நாங்கள் அன்று கவனிக்கவில்லை. அதே ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டும்படி கோசிகனிடமே கொடுத்தனுப்புகிறான். அவள் மன்னிப்புக் கேட்ட சொற்கள் அவனுக்கும் அப்படியே பொருந்திவிடுகின்றன. ஒரே ஓலையில் இரண்டு மனங்களைக் காட்டிவிடுகிறார் புலவர்.

மாதவிக்கோ பதில் இல்லை. அடுத்து அவளுக்கு வருவது கோவலன் கொலையுண்ட செய்தி. அவள் துறவு பூணுகிறாள். மகள் மணிமேகலையையும் அந்த வழியிலேயே விடுகிறாள்.

எங்கள் பேத்திமார் இப்போது இதே வினாவுக்கு விடை எழுதுகிறார்கள். புறஞ்சேரி இறுத்த காதையை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை வாசிப்போமா?