வால்வு யார் கையில்?

கதையும் கவிதையும் பேசுகிற இந்த மேடையில் கேஸைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது வருசம் சாயப்பட்டறையில் மாஸ்டராக நின்றவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே இலக்கியம் ஷேட் கார்டு. அதனால் பாய்லர் ரூமிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஒரு ஐப்பசி மாதம். மூன்று நாளாக அடைமழை. சாஃப்ட் ஃப்ளோ மிஷினுக்குள் ஐநூறு கிலோ பாலியஸ்டர் துணி ஓடிக்கொண்டிருக்கிறது. நேவி ப்ளூ. 130 டிகிரிக்குப் போயாக வேண்டும்; 110-லேயே நிற்கிறது. பாய்லர் ரூமுக்கு ஓடினேன். ஃபயர்மேன் ஒன்றும் பேசாமல் உலைக் கதவைத் திறந்து காட்டினார். சீமைக்கருவேலங்கட்டை எரியவில்லை, வெட்டுவாயில் நுரை தள்ளிக்கொண்டு சீறிக்கொண்டிருந்தது. "எடை போட்டு வாங்குனதுல பாதி தண்ணிதானுங்க மாஸ்டர்" என்றார். பிரஷர் முள் நாலைத் தாண்டவில்லை. அந்த லாட் பட்டை பட்டையாக வந்தது. அதைத் திரும்ப உரித்துச் சாயம் ஏற்றினோம். பார்ட்டியிடம் வாங்கிய ஏச்சை இந்த அவையில் சொல்ல முடியாது.

திருப்பூர் என்றால் நூல் விலை பேசுவோம், கரண்ட் பேசுவோம், தண்ணீர் பேசுவோம். நெருப்பைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு பனியன் உங்கள் உடம்புக்கு வருவதற்குள் எத்தனை முறை சூடு வாங்குகிறது என்று பாருங்கள். பிளீச்சிங்கில் கொதிக்கிறது. சாயத்தில் 60 டிகிரி, பாலியஸ்டர் என்றால் 130. அப்புறம் ஸ்டென்டரில் 150, 180 என்று காய்கிறது. காம்பாக்டிங்கில் ஆவி, அயர்னிங் டேபிளில் மறுபடி ஆவி. இத்தனைக்கும் பின்னால் பெரும்பாலும் ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த விறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்கு மறந்திருக்காது. ஊரே ஸ்தம்பித்தது. சொட்டுக் கழிவுநீரும் நொய்யலுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மறுபடி திறந்தார்கள். நியாயமான நிபந்தனை; நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆர்.ஓ.வில் பிரித்தது போக மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் போட்டு வற்றக் காய்ச்ச வேண்டும். அதற்கு ஸ்டீம். ஸ்டீமுக்கு விறகு. ஆற்றைக் காப்பாற்றுவதற்கும் நாம் அடுப்பைத்தான் மூட்டியிருக்கிறோம்.

இந்த இடத்தில்தான் கேஸ் வருகிறது. நாட்டின் மொத்த எரிசக்தியில் இன்று ஆறேழு சதவீதமாக இருக்கிற இயற்கை எரிவாயுவை 2030-க்குள் 15 சதவீதமாக்குவோம் என்று மத்திய அரசு பல வருசமாகச் சொல்லி வருகிறது. கப்பலில் வருகிற திரவ எரிவாயுவை இறக்குகிற எல்.என்.ஜி. முனையம் எண்ணூரில் 2019-ல் திறந்தாகிவிட்டது. மேற்கே கொச்சியில் 2013-லேயே முனையம் தயார். குழாய் இல்லாததால் அது பல வருசம் முக்கால்வாசிக்கு மேல் சும்மாவே கிடந்தது. அந்தக் குழாய் ஏன் வரவில்லை? காரணத்தில் நாமும் இருக்கிறோம்.

கொச்சியிலிருந்து பெங்களூருவுக்குப் போக வேண்டிய கெயில் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டத்தின் வயல்களுக்குள் நுழைந்தது. விவசாயிகள் மறித்தார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று 2013-ல் ஜெயலலிதா அரசு உத்தரவு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016 பிப்ரவரியில் கெயில் பக்கம் தீர்ப்பானது. அப்போது எங்கள் பட்டறை முதலாளி சங்கக் கூட்டத்தில் "கேஸ் சீக்கிரம் வரட்டும்" என்று பேசிவிட்டு வருவார். அவருடைய பெரியப்பா தென்னந்தோப்பில் அளவுக்கல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார். குழாய் போன பட்டையில் தென்னை வைக்கக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது என்றால் தோப்புக்காரர் வேறு என்ன செய்வார்? நிலம் அவர் பேரில்தான் இருக்கும், அனுபவிக்கத்தான் முடியாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற இரண்டு பேர். இரண்டு பேர் பேசியதிலும் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

"வெளியிலிருந்து எதற்கு? டெல்டாவிலேயே கேஸ் இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் அதை வைத்துக் கரண்ட் எடுக்கிறார்கள். ஆனால் புதிதாகத் துளை போட வந்தபோது 2017-ல் நெடுவாசலில் மக்கள் போராடியதைப் பார்த்தோம். 2020-ல் டெல்டாவுக்கென்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமே வந்துவிட்டது. நம் ஸ்டென்டருக்காக அவர்கள் வயலைக் கேட்க நமக்கு முகம் கிடையாதுங்க. நம் நொய்யலின் ஒரத்துப்பாளையம் அணையில் நாம் தேக்கி வைத்தது என்ன தண்ணீர் என்று அந்தப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள்.

சரி, கேஸ் நல்லதா? எரிபொருளாகப் பார்த்தால் தங்கம். சாம்பல் கிடையாது. மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரித்துகள் விழாது. நிலக்கரி விடுகிற கரியமில வாயுவில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். ஸ்டென்டரில் பர்னரைத் திருகினால் 180 என்றால் 180. ஒரு டிகிரி கூடக் குறைய ஆடாது. அந்த ஐப்பசி ராத்திரி எனக்குக் கேஸ் இருந்திருந்தால் நான் ஏச்சு வாங்கியிருக்க மாட்டேன். ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிநாட்டு பையர் கார்பன் கணக்குக் கேட்கிறார் அல்லவா? அந்தக் கணக்கில் விறகுப் புகையின் கரியமில வாயுவைத் தனியாக ஓரத்தில் எழுதுவார்கள். கேஸ் எரித்ததோ நேராகப் பற்றில் ஏறும். சுத்தமான நெருப்புக்கு மாறுகிறவனுக்குக் காகிதத்தில் கெட்ட பேர்!

ஆனால் என் பயம் வேறு. நம் போட்டிக்காரனைப் பார்த்து வந்த பயம் அது. வங்கதேசத்தின் நாராயண்கஞ்சும் காஜிப்பூரும் நம்மைப் போலவே நிட்டிங்கும் சாயமும் செய்கிற ஊர்கள். ஒரு காலத்தில் அவர்களைப் பார்த்து நமக்குப் பொறாமை. சொந்த மண்ணில் கிடைத்த கேஸ், தண்ணீர் விலைக்கு. பாய்லரும் கேஸ், ஜெனரேட்டரும் கேஸ். அந்த மலிவின் மேல்தான் அவர்கள் மில்களையும் பட்டறைகளையும் எழுப்பினார்கள். பிறகு அந்த மண்ணில் கேஸ் குறைய ஆரம்பித்தது. 2018-ல் எல்.என்.ஜி. இறக்குமதிக்கு வந்தார்கள். 2022-ல் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பா பணத்தைக் கொட்டிக் கப்பல்களை இழுத்துக்கொண்டது. அந்த ஜூலையில் வங்கதேசம் உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திவிட்டது. பட்டறைகளில் குழாய் இருந்தது, பர்னர் இருந்தது, பிரஷர் மட்டும் இல்லை. அடுத்த வருசம் பெரிய தொழிற்சாலைகளுக்குக் கன மீட்டர் 12 டாக்காவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்த விலை ஒரே அடியில் 30 ஆனது. 2025 ஏப்ரலில் புதிய இணைப்புகளுக்கு 40. விறகுக்கு மாறலாம் என்றால், கட்டும்போதே கேஸுக்கென்று கட்டிய பட்டறைகள் அவை.

நம் நாட்டிலும் இது நடந்ததுதான். குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் ஆலைகளின் நிலக்கரி வாயு உலைகளை 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் மூடச் சொன்னது. எல்லாரும் குழாய் கேஸுக்கு மாறினார்கள். விலை ஏறியதும் பலர் புரோப்பேனுக்குத் தாவினார்கள்; 2022 ஆகஸ்டில் அந்த ஊரே ஒரு மாதம் போல அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தது. ஆந்திராவில் கிருஷ்ணா கோதாவரிப் படுகையை நம்பிக் கட்டிய மின் நிலையங்களின் கதை உங்களுக்குத் தெரியும். கேஸ் வற்றியது, டர்பைன் துருப்பிடித்தது.

நமக்கு வரப்போகிற கேஸ் எது? உள்நாட்டில் எடுக்கிற மலிவான கேஸில் வீட்டு அடுப்புக்கும் சி.என்.ஜி. வண்டிக்கும்தான் முன்னுரிமை. தொழிற்சாலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் கப்பலில் வந்தது. கத்தாரோடு வருசத்துக்கு 75 லட்சம் டன் ஒப்பந்தத்தை 2048 வரைக்கும் 2024-ல் நீட்டித்திருக்கிறார்கள்; நல்ல காரியம். ஆனால் அந்தக் கப்பல் ஒவ்வொன்றும் ஹோர்முஸ் நீரிணையைக் கடந்துதான் வர வேண்டும். விலை டாலரில். ஏற்றுமதிக்காரருக்கு டாலர் வருகிறது, தாங்குவார். சாயப்பட்டறைக்கு? கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஜாப் ஒர்க் கூலி. கத்தாரில் விலை ஏறிவிட்டது என்று பட்டறைக்காரர் பார்ட்டியிடம் போய் நின்றால் என்ன பதில் வரும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற முதலாளிமார்களுக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள். தெரிகிறது!

வரியையும் பாருங்கள். ஜி.எஸ்.டி. வந்து இத்தனை வருசமாகியும் இயற்கை எரிவாயு அதற்குள் வரவில்லை. இன்னும் வாட் வரிதான். எல்.பி.ஜி. சிலிண்டருக்குக் கட்டிய வரியைக் கணக்கில் திரும்ப எடுக்கலாம். குழாய் கேஸுக்குக் கட்டியதை எடுக்க முடியாது. 15 சதவீதம் என்று முழங்குகிறவர்கள் இந்த முடிச்சை முதலில் அவிழ்க்கட்டும். நம் சங்கங்கள் டெல்லிக்குப் போகும்போது நூல் விலை மனுவோடு இந்த மனுவையும் எடுத்துப் போக வேண்டும்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. ஸ்டென்டருக்குக் கேஸ் வாங்குங்கள். அங்கே நிஜமாகவே பெரிய சூடு வேண்டும். ஆனால் பாய்லரை முழுசாக அதன் தலையில் கட்டிவிடாதீர்கள். விறகு பாய்லரைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஓரமாக வைத்திருங்கள். 60 டிகிரி தண்ணீருக்குக் கேஸும் தேவையில்லை, விறகும் தேவையில்லை. ஹீட் பம்ப் போதும். அதை ஓட்டுகிற கரண்ட் நம்மிடம் இருக்கிறது. உடுமலை, பல்லடம், தாராபுரம் ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் சுற்றுகிற காற்றாலைகளில் எத்தனை நம் பனியன் கம்பெனிக்காரர்களுடையவை! பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு ஹோர்முஸும் கிடையாது, டாலரும் கிடையாது. ஆடி மாதம் அடித்துவிட்டு மார்கழியில் அது ஓய்ந்துவிடும் என்பது வாஸ்தவம். அந்த மார்கழிக்குக் கேஸ் துணைக்கு வரட்டும். நாட்டுக்கும் இதைத்தான் சொல்வேன். கேஸை வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிக்கொள்ள வேண்டாம். சம்பந்தி வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி வரட்டும், மரியாதையாகக் கவனிப்போம்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன மீட்டர் கேஸ் பாய்லரில் செய்கிற வேலையைச் செய்ய நல்ல காய்ந்த விறகு சுமார் மூன்று கிலோ வேண்டும். நீங்கள் இன்று விறகுக்குக் கொடுக்கிற விலையை மூன்றால் பெருக்குங்கள். அத்தோடு விறகு தள்ளுகிற ஆள் கூலியும் சாம்பல் அள்ளுகிற செலவும் சேருங்கள். கேஸ் விலை அதற்கு மேல் போனால் உங்களுக்குத் தாங்காது. இணைப்புக் கொடுக்கிறவர்கள் காகிதத்தை நீட்டும்போது, கன மீட்டர் என்ன விலை என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாதம் எவ்வளவுக்குப் பணம் கட்ட வேண்டும், விலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பிரஷர் குறைந்தால் நஷ்டம் யாருடையது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதைத் தமிழில் தரச் சொல்லுங்கள்.